கண்ணாடி மேலே போன பிறகு: டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ, செய்து பார்த்த குறிப்புகள்

பயன்படுத்தியவை: கேனான் 1300டி, கேனான் 80டி, 18-55 ஐஎஸ் II கிட் லென்ஸ் (ஐஎஸ் என்றால் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி), 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம், 100 எம்எம் எஃப்/2.8 மேக்ரோ, கனமான ஒரு ட்ரைபாட். லைவ் வியூ, அதாவது வியூஃபைண்டரில் கண் வைப்பதற்குப் பதிலாகப் பின்பக்கத் திரையில் காட்சியைப் பார்த்துப் படமெடுப்பது, எந்த வேலைக்கு உதவும், எதற்கு உதவாது என்று வேலை வாரியாகப் பிரித்துப் பார்த்ததில் தேறியவை இவை. நிக்கானில் நடைமுறை மாறும் இடங்களை அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். வியூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸ் வழியே வரும் ஒளி கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. அந்தக் கண்ணாடி ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். ஊடுருவிய ஒளியைப் பின்னாலிருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி கீழே திருப்பி, கேமராவின் அடித்தளத்தில் உள்ள ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. வெளிச்சத்தை அளக்கும் சென்சார் மேலே, வியூஃபைண்டர் பக்கம் இருக்கிறது. லைவ் வியூ பட்டனை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மேலே போய்விடும், ஷட்டர் திறந்தே நிற்கும். ஃபோகஸ் சென்சாருக்கும் ஒளி இல்லை, அளக்கும் சென்சாருக்கும் ஒளி இல்லை. இரண்டு வேலையையும் படம் பதிவாகும் சென்சாரே செய்ய வேண்டும். லைவ் வியூவின் பலமும் பலவீனமும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்துதான் வருகின்றன.

கையால் ஃபோகஸ்

லைவ் வியூவின் முதல் பயன் இதுதான். படம் எந்தப் பரப்பில் பதிவாகப் போகிறதோ அதே பரப்பில் ஃபோகஸைப் பார்க்கிறோம். வியூஃபைண்டரில் அது நடக்காது. சாதாரண ஃபோகஸிங் ஸ்க்ரீன், லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப்/1.8 ஆகத் திறந்திருந்தாலும், ஏறக்குறைய எஃப்/2.8 அளவு ஆழத்தைத்தான் (முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் தூரத்தை) காட்டும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த இமை படத்தில் மங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேனானில் செய்முறை: லென்ஸ் சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றுங்கள். லைவ் வியூவைத் திறந்து, வெள்ளைக் கட்டத்தை ஃபோகஸ் வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். பூதக்கண்ணாடி பட்டனை ஒருமுறை அழுத்தினால் 5 மடங்கு, மறுமுறை அழுத்தினால் 10 மடங்கு. வளையத்தை மெதுவாகத் திருப்பி, கூர்மையைக் கடந்து கொஞ்சம் மங்கும் வரை போய், திரும்பி வாருங்கள். ஒரே பக்கமாகத் திருப்பி ‘இது போதும்’ என்று நிறுத்தினால் பெரும்பாலும் உச்சத்துக்கு முன்பே நின்றிருப்போம். பிறகு 2 நொடி டைமர் அல்லது ரிமோட்.

10 மடங்கில் படம் தெளிவில்லாமல் இருந்தால் பிக்சர் ஸ்டைலில் மோனோக்ரோம் வைத்து ஷார்ப்னெஸையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றுங்கள். விளிம்புகள் பளிச்சென்று தெரியும். ‘ரா’ கோப்பில் (சென்சாரின் தரவை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் படத்தின் தரவு மாறாது, கணினியில் வண்ணம் திரும்பக் கிடைக்கும். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் ஃபோகஸ் முடிந்ததும் ஸ்டைலைப் பழையபடி வைத்துவிட வேண்டும்.

லென்ஸைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். 18-55 ஐஎஸ் II லென்ஸில் ஃபோகஸ் திருப்பும்போது முன்பகுதியே சுழலும். ஃபோகஸ் வைத்த பிறகு போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன் திருகும் ஃபில்டரை) திருப்பினால் ஃபோகஸும் நகர்ந்துவிடலாம். ஃபோகஸைத் திருப்பினால் போலரைசரின் கோணமும் மாறும். ஆகவே முதலில் தோராயமாக ஃபோகஸ், பிறகு போலரைசர், கடைசியில் ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்துங்கள். 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸின் வளையம் மோட்டார் வழியாக வேலை செய்வது. கேமரா உறங்கிவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் அசையாது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி எழுப்ப வேண்டும். ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை 4 நிமிடம் அல்லது அதற்கு மேல் வைப்பது இங்கே அவசியம்.

மேக்ரோவில் 1:1 அளவில் (பொருள் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழுவது) எஃப்/8 வைத்தாலும் கூர்மையான ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே வளையத்தைத் திருப்புவதைவிட, வளையத்தை 1:1-ல் நிறுத்திவிட்டு ஃபோகஸிங் ரெயிலில் கேமராவை முன்பின்னாக நகர்த்துவது எளிது. அப்பர்ச்சரைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி 10 மடங்கில் பார்த்தால், எஃப்/8-ல் எது தெளிவாக வரும் என்பது அப்படியே தெரியும். சில வேகமான (அப்பர்ச்சர் பெரிதாகத் திறக்கும்) ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களில் அப்பர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் தளமே சற்று நகரும். அதைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான்.

ஆட்டோ ஃபோகஸ்

1300டி-யில் லைவ் வியூவின் ஆட்டோ ஃபோகஸ் கான்ட்ராஸ்ட்டை (ஒளி-இருள் வேறுபாட்டை) அளந்து வேலை செய்கிறது. பொருள் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லென்ஸை நகர்த்திப் பார்த்து, கான்ட்ராஸ்ட் ஏறி இறங்கிய பிறகுதான் உச்சம் கடந்துவிட்டது என்று புரிந்துகொண்டு திரும்பும். முன்னும் பின்னும் அலைவது அதனால்தான். வெள்ளைச் சுவர், மாலை மங்கலில் முகம் போன்றவற்றில் ஃபோகஸ் கிடைத்ததைக் காட்டும் பச்சைக் கட்டமே வராமல் போகும். ஆனால் பச்சை வந்துவிட்டால் நம்பலாம், ஏனென்றால் அளந்தது படச் சென்சாரே.

இதே கேமராவில் ‘க்விக் மோட்’ என்று ஒன்று உண்டு. கண்ணாடியைச் சட்டென்று இறக்கி, கீழே உள்ள ஃபோகஸ் சென்சாரால் ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி ஏற்றும். வேகம் கூடும். ஆனால் லைவ் வியூ தரும் துல்லியத்தை இழந்துவிடுகிறோம். வியூஃபைண்டரில் உங்கள் லென்ஸ் முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் பிடிக்கும் குறை இருந்தால், அதே குறை க்விக் மோடிலும் வரும். நல்ல ப்ரைம் லென்ஸுக்கு இந்த மோடைப் பரிந்துரைக்க மாட்டேன்.

80டி வேறு ரகம். 2013-இல் 70டி-யுடன் வந்த ட்யூயல் பிக்ஸல் சென்சார் இதிலும் இருக்கிறது. ஒவ்வொரு பிக்ஸலும் இரண்டாகப் பிரிந்து, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சென்சாரிலேயே கணிக்கிறது. அலைச்சல் இல்லை. நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் சென்சாரிலேயே இப்படிக் கணிக்கும் வசதி 2020-இல் வந்த டி780-இல்தான் கிடைத்தது. பழைய டி3000, டி5000 வரிசைக்காரர்கள் கான்ட்ராஸ்ட் முறையோடுதான் வாழ வேண்டும்.

வியூஃபைண்டர் ஃபோகஸைத் திருத்த

லைவ் வியூவை அளவுகோலாக வைத்து வியூஃபைண்டர் ஃபோகஸைச் சரிசெய்ய முடியும். 80டி-யில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஆட்டோ ஃபோகஸை முன்பின்னாக நுணுக்கமாகத் திருத்தும் அமைப்பு) இருக்கிறது, 1300டி-யில் இல்லை.

கேமராவை ட்ரைபாடில் வைத்து, லென்ஸின் குவிய நீளத்தைப்போல் 50 மடங்கு தூரத்தில் இலக்கை வையுங்கள். 50 எம்எம்-க்கு 2.5 மீட்டர். இலக்காகச் சிறிய எழுத்து அச்சிட்ட தாள், சென்சாருக்கு நேர் இணையாக. பக்கத்தில் 45 டிகிரி சாய்த்து ஓர் அளவுகோல் வைத்தால் பிழை எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். அப்பர்ச்சர் முழுவதும் திறந்திருக்கட்டும், ஐஎஸ் அணைந்திருக்கட்டும். முதலில் லைவ் வியூவில் 10 மடங்கில் ஃபோகஸ் வைத்து ஒரு படம் எடுங்கள், அது ஒப்பீட்டுப் படம். பிறகு வளையத்தை வேண்டுமென்றே கலைத்து, வியூஃபைண்டரில் நடு ஃபோகஸ் புள்ளி, ஒன் ஷாட் (ஒருமுறை ஃபோகஸ் செய்து நிறுத்தும் மோட்) வைத்துப் படம் எடுங்கள். மறுபடி கலைத்து மறுபடி எடுங்கள். ஒரு படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஒரே அமைப்பிலேயே ஃபோகஸ் கொஞ்சம் சிதறும். எல்லாப் படங்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் திருத்துங்கள். அளவு மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை. ஃபோகஸ் பொருளுக்குப் பின்னால் விழுந்தால் மைனஸ் பக்கம், முன்னால் விழுந்தால் பிளஸ் பக்கம். ‘லென்ஸ் வாரியாக’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுத்தால் ஒரு லென்ஸ் திருந்தும்போது இன்னொன்று கெடும்.

பழைய புகைப்படங்களைப் பிரதி எடுக்க

ஆல்பத்தில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிரதி எடுக்கும்போது பெரிய தொல்லை, கேமரா தாளுக்குச் சரியான இணையாக நிற்காதது. நான்கு மூலைகளில் இரண்டு மங்கும். நீர்மட்டம் வைத்துப் பார்ப்பதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. பிரதி பலகையின் நடுவில் முகம் பார்க்கும் ஒரு சிறிய தட்டைக் கண்ணாடியை வையுங்கள். லைவ் வியூவில் கிரிட் கோடுகளைப் போட்டு, அந்தக் கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் சரியான மையத்தில் வரும்வரை கேமராவைச் சாய்த்துத் திருத்துங்கள். மையத்தில் வந்துவிட்டால் கேமரா இணையாக நிற்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை வையுங்கள்.

இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்குகள், 100 எம்எம் லென்ஸ், எஃப்/8. கேமராவை யூஎஸ்பி-யில் கணினியுடன் இணைத்து கேனானின் ஈஓஎஸ் யுடிலிட்டி மென்பொருளைத் திறந்தால் லைவ் வியூ பெரிய திரையில் வரும். ஃபோகஸையும் அங்கேயே அம்பு பட்டன்களால் சிறிது சிறிதாக நகர்த்தலாம். இதற்கு லென்ஸ் சுவிட்ச் ஏஎஃப்-இல் இருக்க வேண்டும். தாழக் கவிழ்ந்து நிற்கும் 1300டி-யின் அசையாத திரையைக் கழுத்து வலிக்க எட்டிப் பார்க்கும் சிரமம் இதனால் தீரும்.

வானம்

விண்மீன்களுக்கு ஆட்டோ ஃபோகஸ் வேலைக்கே ஆகாது. லென்ஸை முழுவதும் திறந்து, ஐஎஸ்ஓ-வை ஏற்றி, மேனுவலில் ஷட்டரை நீளமாக வைத்துக்கொண்டு, சிரியஸ், வெள்ளி, வியாழன் போன்ற பிரகாசமான ஒன்றை 10 மடங்கில் பிடியுங்கள். புள்ளி மிகச் சிறிதாகும் இடமே ஃபோகஸ். வளையத்தின் முடிவு வரை திருப்பினால் முடிவிலி வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். கிட் லென்ஸில் விண்மீன் திரையில் தெரியவே இல்லையென்றால் தொலைவில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் விளக்கைப் பயன்படுத்தலாம். பிறகு வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

சூரியனைப் பொறுத்தவரை முன்பக்கச் சூரிய ஃபில்டர் இல்லாமல் டெலி லென்ஸைத் திருப்பவே கூடாது. வியூஃபைண்டரில் கண் போகும், லைவ் வியூவில் சென்சாரும் ஷட்டரும் போகும். ஃபில்டர் இருந்தால், கண் வைக்கத் தேவையில்லாத லைவ் வியூவே நல்லது. சூரியக் கரும்புள்ளிகளில் ஃபோகஸ் வைப்பது வழக்கம். கோவை, திண்டுக்கல் வழியாகப் போன 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் கரும்புள்ளிகள் மிக அரிதான காலத்தில் வந்தது. அப்படிப்பட்ட சமயங்களில் சூரியனின் விளிம்பை வைத்தே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

வெளிச்சம்

80டி-யில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் போட்டிருந்தால் படம் வரப்போகும் வெளிச்சத்திலேயே திரை தெரியும். இயற்கை ஒளியில் அருமையான வசதி. ஸ்டுடியோ ஃப்ளாஷை ட்ரிகரில் இயக்கி எஃப்/8, 1/160, ஐஎஸ்ஓ 100 வைத்தால் திரை இருண்டுவிடும், ஏனென்றால் ஃப்ளாஷ் ஒளியைக் கேமரா முன்கூட்டி அறியாது. சிமுலேஷனை அணைத்துவிடுங்கள். கூடவே ‘சைலன்ட் எல்வி ஷூட்டிங்’ (லைவ் வியூவில் ஷட்டர் ஓசையைக் குறைக்கும் அமைப்பு) என்பதையும் டிஸேபிள் செய்யுங்கள். மற்ற நிறுவன ஃப்ளாஷ்கள் அதன் மோட் 1, மோட் 2-இல் எரியாது, பலர் ட்ரிகர் கெட்டுவிட்டதென்று நினைத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே போடும் குழாய்) போட்டிருந்தாலும் டிஸேபிள்தான் சரி, இல்லையென்றால் வெளிச்சம் சீரில்லாமல் பதியும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி-யும் நொடிக்கு 100 முறை துடிக்கும், லைவ் வியூவில் பட்டைகள் ஓடும். படத்தில் அவை வராமலிருக்க ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். 80டி-யின் ஆன்டி ஃப்ளிக்கர் (இந்தத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) வியூஃபைண்டரில் மட்டுமே வேலை செய்யும், லைவ் வியூவில் கைகொடுக்காது.

எங்கே விட்டுவிட வேண்டும்

ஓடும் குழந்தை, பறவை, விளையாட்டு: வியூஃபைண்டருக்குத் திரும்புங்கள். திரையில் வருவது எப்போதும் சற்றுப் பிந்திய காட்சி. கையை நீட்டிப் பிடித்தால் நடுக்கமும் கூடும், முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் உறுதி இல்லை. உச்சி வெயிலில் திரையே தெரியாது. அங்கே கட்டாயம் லைவ் வியூ வேண்டுமென்றால் தலைமேல் கறுப்புத் துணி, அல்லது 3 அங்குலத் திரைக்கான லூப் (திரைமேல் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி).

கண்ணாடி அதிர்வு இல்லை என்பது லைவ் வியூவின் நல்ல பக்கம், 1/4 முதல் 1/30 வரையிலான ஷட்டரில் அது நன்றாகத் தெரியும். ஆனால் நிக்கான் டி7000 போன்ற பழைய உடல்களில் லைவ் வியூவில் க்ளிக் செய்யும்போது கண்ணாடி ஒருமுறை இறங்கி ஏறும், அங்கே அந்த லாபம் கிடைக்காது.

பேட்டரி வேகமாகக் கரையும். கேனான் தரும் கணக்கில் 1300டி வியூஃபைண்டரில் சுமார் 500 படம், லைவ் வியூவில் சுமார் 180. 80டி-க்கு 960, 300. பிரதி எடுப்பது போல ஒரே இடத்தில் மணிக்கணக்காக நடக்கும் வேலைக்கு, பேட்டரி இடத்தில் நுழைக்கும் டிசி கப்ளரோடு வரும் அடாப்டர் வாங்குவது நல்லது.

சூடு கடைசித் தடை. சென்சார் தொடர்ந்து இயங்குவதால் படத்தில் நாய்ஸும் சிவப்பு, நீலப் புள்ளிகளும் கூடும், நீண்ட எக்ஸ்போஷரில் இன்னும் அதிகம். திரையில் வெள்ளைத் தெர்மாமீட்டர் தெரிந்தால் தரம் குறையத் தொடங்கிவிட்டது, சிவப்பு வந்தால் விரைவில் தானே நின்றுவிடும். சித்திரை வெயிலில் வெளியே வேலை செய்தால் ஃபோகஸ் முடிந்ததும் லைவ் வியூவை அணைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, மிரர் லாக்கப்பில் (கண்ணாடியை முன்கூட்டியே ஏற்றி நிறுத்தும் அமைப்பு) படம் எடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடாதவரை எதுவும் மாறாது.