சி.ஆர். கொப்பியும் இரண்டு தரகர்களும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடி வீட்டை 2023இல் விற்றேன். நாலாம் மாடி. லிப்ட் மாதத்தில் இரண்டு தடவையாவது படுத்துவிடும். என் முழங்கால் அதைவிட மோசம். "வித்துப்போட்டுக் கீழ் வீடாப் பாருங்கோ அம்மா" என்று மகன் டொரொண்டோவிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீரகேசரி ஞாயிறு பதிப்பில் சிறு விளம்பரம் கொடுத்தேன். கடைசி வரி: "தரகர்கள் தவிர்க்கவும்." அந்த வரியைப் பார்த்துத்தான் தரகர்கள் போன் எடுக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. மத்தியானத்துக்குள் 14 அழைப்புகள், அதில் 11 தரகர்கள். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் புரோக்கர் இல்லை அன்ரி, என்ர மச்சானுக்குத்தான் பாக்கிறன்." மச்சானுக்கு எத்தனை அறை வேணும் என்று கேட்டால், "உங்களிட்ட எத்தினை இருக்கு?"

இரண்டு கிழமையாக நேரடியாக ஒருவரும் சரிவரவில்லை. சரி என்று இரண்டு தரகர்களை உள்ளே விட்டேன். ஒருவர் மார்க்கெட் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பெரியவர், என் கணவர் காலத்துப் பழக்கம். மற்றவர் மோட்டார் சைக்கிளில் வரும் தம்பி, கையில் எப்போதும் இரண்டு போன். இருவரும் விற்கிற விலையில் 3 வீதம் கமிஷன் கேட்டார்கள். 2 வீதம், அதுவும் உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதி முடிந்த பிறகு என்றேன். தலையாட்டினார்கள். அதை எழுதி வாங்காமல் விட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளிடம் "வாயால் சொல்லாதே, எழுது" என்று கத்தியவள் நான்.

தம்பி வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டியது. என் குசினி. அடுப்பில் என் பிரஷர் குக்கர். நான் கேட்ட விலை 3 கோடி. அதில் 3 கோடி 25 லட்சம் என்று இருந்தது. இதற்கு "மேல வச்சு விக்கிறது" என்று பெயராம். போட்டது தம்பி இல்லை, அவரிடம் வாட்ஸ்அப்பில் படம் வாங்கிய இன்னொரு தரகர். "படம் கைமாறிப் போட்டுது டீச்சர்" என்றார், ஏதோ பஸ்ஸில் குடை தவறியதுபோல.

பெரியவரின் வித்தை வேறு. எங்களுடையது கடற்கரைப் பக்க ஒழுங்கை, ரயில் பாதைக்கு இரண்டு நிமிட நடை. ரயில் போகும் நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு ரயிலுக்கு இடையில்தான் ஆட்களைக் கூட்டி வருவார். பால்கனிக் கதவைத் திறந்து "கடல் காத்து" என்பார். உப்புக் காற்றில் கிரில் எந்த இடத்தில் துருப்பிடித்திருக்கிறதோ, அந்த இடத்தில் போய்ச் சாய்ந்து நின்றுகொள்வார். எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் விற்கிறவள் நானல்லவா, பேசாமல் இருந்தேன்.

ஒரேயொரு காரியம் புத்தியாகச் செய்தேன். கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியை வாசல் மேசையில் வைத்து, வந்தவரின் பெயர், திகதி, கூட்டி வந்தவர் யார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

ஒரு நாள் பெரியவர் ஒரு கணவன் மனைவியைக் கூட்டி வந்தார். "முதல் தடவையாப் பாக்கினம்" என்றார். ஹாலில் பேன் சுவிட்ச் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது, புதிதாக வருகிற யாருக்கும் அகப்படாது. அந்த மனிசன் உள்ளே வந்ததும் அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டு பேனைப் போட்டார். கொப்பியைப் புரட்டினேன். பதினேழு நாளுக்கு முன்னர் தம்பி கூட்டி வந்தவர்கள். தம்பி அவர்களிடமும் ஒரு வீதம் கேட்டாராம். பெரியவர் கேட்கவில்லை, அதனால் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

விலை 2 கோடி 85 லட்சத்தில் சரிவந்தது. அப்புறம்தான் சண்டை. "பார்ட்டி என்ர" என்று தம்பி, "முடிச்சது நான்" என்று பெரியவர். இருவரும் தனித்தனியே 2 வீதம் கேட்டார்கள். கொப்பியை நடுவில் வைத்தேன். மொத்தமே 2 வீதம், 5 லட்சத்து 70 ஆயிரம், பிரிக்கிறது உங்கள் பாடு என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, தம்பிக்கு 3 லட்சத்து 50, பெரியவருக்கு 2 லட்சத்து 20 என்று வந்தார்கள். இந்தமுறை எழுதி வாங்கினேன்.

பத்திர வேலை சுமுகமாக முடிந்தது. பழைய உறுதி, மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ், சோலைவரி ரசீது, பராமரிப்புப் பணம் நிலுவை இல்லை என்ற கடிதம் எல்லாம் ஒரு பைலில் வைத்திருந்தேன்.

கொழும்பு புதுக்கடைப் பகுதியில், உறுதி எழுதும் நொத்தாரிசின் அறையில் பெரியவர் கடைசியாக ஒன்று முயன்றார். "உறுதியில ரெண்டு கோடி எண்டு போடுவம், முத்திரைக் காசு மிச்சம்." முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், எங்கள் விலைக்கு 11 லட்சத்து 39 ஆயிரம். அதைக் கட்டுவது வாங்குகிறவர்தான். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குறைத்துப் போட்டால் மாகாண இறைவரித் திணைக்களம் தன் மதிப்பீட்டைப் போட்டு மிச்சத்தைக் கேட்கும், உங்கள் பேங்க் லோனுக்கும் சிக்கல் என்றார். பேச்சு அத்தோடு நின்றது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து வைத்தேன். தரகர்கள் இருவருக்கும் அங்கேயே செக் கொடுத்து ரசீது வாங்கினேன்.

"லாபத்தில 10 வீதம் வரி போகும் டீச்சர்" என்று தம்பி முன்பு பயம் காட்டியிருந்தார். சட்டத்தரணியைக் கேட்டேன். 3 வருடமாவது உரிமையாக இருந்து, விற்பதற்கு முன் குறைந்தது 2 வருடம் தானே வாழ்ந்த பிரதான வீடென்றால் அந்த வரிக்கு விலக்கு உண்டாம். நான் அங்கே இருந்தது 25 வருடம்.

இப்போது தெஹிவளையில் வாடகைக்கு இருந்துகொண்டு கீழ் வீடு தேடுகிறேன். போன கிழமை பெரியவர் போன் எடுத்தார், களுபோவிலையில் ஒன்று இருக்கிறதாம். கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். "உங்களிட்ட என்ன கேக்கிறது டீச்சர்" என்றார். அதை எழுதித் தாருங்கோ என்றேன், லைன் கட்டாகிவிட்டது.