கையை இழுத்தா இன்னும் ரெண்டு

பழைய மாணவர் சங்க மலருக்கு எதையாவது எழுது எழுது எண்டு செயலாளர் வாட்சப்பில ஒரே ஆக்கினை. விளையாட்டுப்போட்டி, தமிழ்த்தினம், கன்ரீன் வடை எல்லாத்தையும் மற்றாக்கள் எழுதி முடிச்சிட்டினம், அதால நான் நாங்கள் திடுக்கிட்ட கதையை எழுதுறன்.

எங்கட ஊரில இதுக்கு சொல்லுப் பஞ்சம் இல்லை. சத்தம் கேட்டா திடுக்கிடுறது, மாடு கண்டறியாத ஆளைக் கண்டு விலகினா வெருளுறது, புண்ணில மருந்து வைக்க வர உடம்பு கூசுறது, விடியக்காலமை கிணத்தடியில முதல் வாளித் தண்ணிக்கு பின்னடிக்கிறது, கெட்ட செய்தி கேட்டு வாயடைச்சு நிண்டா ஏங்கிப்போறது. அம்மம்மாவுக்கு இதில ஒண்டும் சின்ன விசயம் இல்லை, பெடி பயந்துபோட்டான் எண்டு திருநீறு போட்டு நூல் கட்டுற வரைக்கும் விடமாட்டா.

பள்ளிக்கூடத்தில வேற சட்டம். தமிழ் சேர் கையை நீட்டு எண்டுவார், பிரம்பு வரேக்க கையை இழுத்தா அந்த அடி கணக்கில வராது, மேலதிகமா இன்னும் ரெண்டு. படைச்செருக்கு படிப்பிக்கேக்க 775ஆம் குறளை அவர் சொன்ன விதம் இப்பவும் காதில நிக்குது, பகைவன் வேல் எறியேக்க முழிச்ச கண் ஒருக்கா இமைச்சாலே வீரனுக்கு அது தோத்து ஓடினது மாதிரித்தானே எண்டு வள்ளுவர் கேக்கிறாராம். அதுக்குப்பிறகு இமைக்காம அடி வாங்கிறது எங்களுக்குள்ள பெரிய போட்டி. பிரம்பைப் பாக்காத, சேரின்ர முகத்தைப் பார் எண்டு கடைசி வாங்கில இருக்கிற பெடியன் ஒருத்தன் புத்தி சொன்னான், அப்பிடிப் பாக்கேக்கதான் கண்டன், பிரம்பு இறங்கிற நேரம் சேரின்ர கண்ணும் இறுக்கி மூடுது, ஒவ்வொரு அடிக்கும். அதைக் கேக்கிற துணிவு ஆருக்கு?

பிறகு ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) விஞ்ஞானத்தில ரீச்சர் தெறிவினை எண்டு போர்டில கீறினா. சுடுசட்டியில கை பட்டா செய்தி முதுகெலும்புக்குள்ள இருக்கிற முண்ணாணுக்குப் போய் அங்கயிருந்தே தசைக்கு கட்டளை திரும்பி வந்திடும், மூளை நோவை உணர முதலே கை விலகியிருக்கும். திடீர்ச் சத்தத்துக்கும் முதல் கண் மூடும், அதோட கழுத்து உள்ள போகும், தோள் உயரும், எல்லாம் எங்களைக் கேக்காமலே. அப்ப அந்த மேலதிக ரெண்டடி முண்ணாணுக்கோ எண்டு பின்வாங்கில இருந்து ஒரு குரல், ரீச்சரும் சிரிச்சிட்டா.

டார்வினே இதில தோத்தவர் எண்டு லண்டனுக்கு வந்தாப்பிறகுதான் வாசிச்சன். இங்கத்தை மிருகக்காட்சிசாலையில ஆபிரிக்கப் புடையன் பாம்பின்ர தடிச்ச கண்ணாடியில முகத்தை வச்சு, கொத்த வந்தாலும் அசையிறேல்லை எண்டு முடிவோட நிண்டவராம், பாம்பு பாய்ஞ்ச உடன ஒண்டு ரெண்டு யார் தூரம் பின்னுக்குத் துள்ளிட்டார். 1872இல வந்த புத்தகத்தில தானே எழுதி வச்சிருக்கிறார். பெரிய மனுசன்தான், நானெண்டா மறைச்சிருப்பன்.

எங்களுக்குக் கண்ணாடி இல்லை. 1990 ஆனியில இலங்கையில ஆமிக்கும் புலிகளுக்கும் திரும்ப சண்டை துவங்கினாப்பிறகு கரண்டும் இல்லை, ஊர் அடங்கிக் கிடக்கும், அதால பிளேன் எங்கயோ வரேக்கயே காது பிடிச்சிடும். குண்டு போடுற சின்னப் பிளேன் சியாமாசெட்டி பதிஞ்சு குத்துற சத்தம் வேற, குண்டு கொண்டு வாற பெரிய பிளேன் சகடையின்ர இரைச்சல் வேற. காதைப் பொத்தி வாயைத் திறந்து குப்புறப் படுக்கிறது பழகினதுதான், ஆனா அதுக்கு முன்னால தோள் ஒருக்கா உயருமே, அதை ஆராலயும் நிப்பாட்ட ஏலாது. வெருண்டவனை ஒருத்தரும் நக்கலடிச்சதில்லை. பங்கருக்குள்ள தமிழ் சேரும் எங்களோடதான் குறாவிக்கொண்டு இருப்பார், அங்க 775 கதைக்கிறேல்லை.

கடைசி ஒன்றுகூடலில சின்னப் பிள்ளையொண்டு மேடைப் பலூனை உடைச்சுப்போட்டுது. எழுபதுகளில ஓ.எல் எடுத்த அண்ணைமார் கையில பிளேட்டோட அசையாம நிண்டினம், எங்கட பட்ச் மேசையில ஆளாளுக்கு தேத்தண்ணி ஊத்துப்பட்டுது, ஒருத்தன் கதிரைக்குக் கீழ பாதி போயிட்டான். "எந்த வருசம் படிச்சனீங்கள் எண்டு இனி போர்மில கேக்கத் தேவையில்லை, ஒரு பலூன் காணும்" எண்டார் பொருளாளர்.