படம் கொடுத்துக் கேட்கப் பழக்குவது

பேச்சு வராத குழந்தைக்குப் பட அட்டை பழக்கப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடித்த பொருளோடு எதிரே. இன்னொருவர் குழந்தைக்குப் பின்னால். நடுவில் அந்தப் பொருளின் படம் உள்ள ஒரே ஒரு அட்டை. 5 சென்டிமீட்டர் சதுரம் போதும், ஆனால் லேமினேட் செய்துவிடுங்கள், இல்லையென்றால் வாய்க்குள் போய்க் கூழாகிவிடும்.

குழந்தை பொருளுக்குக் கை நீட்டிய பிறகுதான் பின்னால் இருப்பவர் அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எடுக்கவைத்து, எதிரே இருப்பவரிடம் கொடுக்க உதவ வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் "பந்து!" என்று சொல்லி உடனே பந்தைக் கொடுத்துவிடுங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது நம் வாயால்தான். "என்ன வேணும், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், கேட்டால்தான் அட்டை எடுப்பது என்று ஆகிவிடும். குழந்தை அட்டையை எடுக்கும் முன்பே எதிரே இருப்பவர் உள்ளங்கையை விரித்து வைப்பதும் இதே கோளாறுதான். பின்னால் இருப்பவரின் உதவியைக் கடைசி அசைவிலிருந்து குறைத்துக்கொண்டு வாருங்கள்: முதலில் கையில் வைப்பதற்கான உதவி, பிறகு நீட்டுவதற்கானது, கடைசியில் எடுப்பதற்கானது.

இரண்டாவது அட்டை சேர்க்கும்போது பிடிக்காத பொருளின் படமாக இருக்கட்டும். இரண்டுமே பிடித்தவை என்றால், படத்தைப் பார்த்து எடுத்ததா, அகப்பட்டதை எடுத்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லா அட்டையிலும் படத்துக்குக் கீழே பெயரைத் தடித்த எழுத்தில் எழுதிவிடுங்கள். வாசிப்புக்குப் போகும்போது படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.