டி.சி. கொடுப்பதற்கு முன்னால்

ஒரு மாணவனின் பையில் கூல் லிப்போ ஹான்ஸோ, அந்த மாதிரி வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலம் கிடைத்தால் தலைமையாசிரியர் அறையிலும் அவன் வீட்டிலும் ஒரே பேச்சுதான் எழும்: "விஷயம் வெளிய போகக் கூடாது." பள்ளிக்குப் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை. வீட்டாருக்கு உறவினர்கள் முன்னால் தலைகுனிவாகிவிடும் என்ற கவலை. பள்ளிகளில் ஆலோசனை வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது, இந்த இரண்டு மௌனங்களுக்கு நடுவில் பிள்ளை நழுவிப் போவதைத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற முதல் பிரிவேளையில் மூன்று பேர் சேர்ந்து காணாமல் போவது ஆசிரியருக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணி வரை தூங்காமல் புரள்வது அம்மாவுக்குத் தெரியும். ஜிபேயில் இருபது, முப்பது ரூபாயாக ஒரே எண்ணுக்குப் பணம் போவது அக்காவுக்குத் தெரியும். மூன்று பேரும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

'போதை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் எது என்று தெரியாமல் செய்கிற காரியம் பாதி தவறாகிவிடும். கூல் லிப்புக்கு அடையாளம் புகை வாசனை அல்ல, புதினா வாசனை. கீழுதட்டுக்கு உள்ளே ஈறு வெளுத்து, தோல் சுருங்கியிருக்கும். உதட்டில் அடக்கித் துப்பிய சின்னப் பைகள் பெஞ்சின் அடியிலும் கழிப்பறை ஜன்னல் விளிம்பிலும் ஒட்டியிருக்கும். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், பெயின்ட் தின்னர் என்றால் மூக்கையும் வாயையும் சுற்றிச் சிறு புண், சட்டைக் கையிலோ கைக்குட்டையிலோ கூர்மையான வாசனை. கஞ்சா என்றால் சிவந்த கண், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து அடிக்கடி தீர்ந்துபோவது, திடீர்ப் பசி. வலி மாத்திரை, தூக்க மாத்திரை என்றால் வாசனையே இருக்காது. வகுப்பில் தலை தொங்கும், பேச்சு இழுக்கும். இதில் ஏதோ ஒன்று இருப்பதாலேயே முடிவுக்கு வரக் கூடாது. ரத்தசோகையில் தூங்குகிற பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உண்டு.

மருந்துக்கடையில் சிறுநீர்ச் சோதனைக் கிட் வாங்கி வந்து வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று பெற்றோர் கேட்பார்கள். நாங்கள் வேண்டாம் என்றே சொல்வோம். எப்போதோ ஒருமுறை கஞ்சா புகைத்தவனுக்கு மூன்று, நான்கு நாளில் ஒன்றும் காட்டாது. தினமும் புகைத்தவன் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் காட்டிக்கொண்டே இருக்கும். சொல்யூஷன் இந்தக் கிட்டில் வராது. இப்போது அதிகம் புழங்குகிற டாபென்டடால் என்ற வலி மாத்திரையும் சாதாரண மார்பின் கிட்டில் பெரும்பாலும் தெரியாது. "ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு சார்" என்று நிம்மதியோடு போகிற வீடுதான் எங்களுக்குக் கவலை தருகிறது.

சொல்யூஷன் விஷயத்தில் ஒன்றை எல்லா ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிக்க ஓடக் கூடாது, கத்தக் கூடாது. அந்த நேரத்தில் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, மெதுவாகப் பேசி, பொருளைக் கையிலிருந்து வாங்கி, தேவைப்பட்டால் 108க்கு அழைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இந்த முகரும் பொருள்கள்தான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம்.

இனி, பெற்றோரை அழைப்பது. எங்கள் வேலையில் பாதி இந்த ஒரு சந்திப்பில்தான் அடங்கியிருக்கிறது.

அழைப்பது வகுப்பாசிரியராக இருக்கட்டும், அலுவலக உதவியாளர் வேண்டாம். சொல்வது இவ்வளவு போதும்: "அம்மா, தம்பியப் பத்தி ஒரு விஷயம் பேசணும். பயப்படாதீங்க, டி.சி. குடுக்கக் கூப்பிடல. நாளைக்கு முடிஞ்சா அவங்க அப்பாவும் வரட்டும்." போனில் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் அன்று ராத்திரியே அடி விழும். மறுநாள் வருவது உடம்பில் தழும்போடு வாய் திறக்காத பிள்ளைதான், அல்லது பிள்ளை வீட்டைவிட்டே போயிருக்கும். பனியன் கம்பெனி ஷிப்ட்டில் இருக்கிற அப்பா காலை பத்து மணிக்கு வர முடியாது. வராததை அலட்சியம் என்று எழுதாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளை பாட்டி வீட்டில் வளர்ந்தால் பாட்டியையும் அழைக்க வேண்டும், ஏனென்றால் கைச்செலவுக்குக் காசு கொடுப்பது அவர்தான்.

அறையில் மூன்று பெரியவர்களுக்கு மேல் வேண்டாம். ஆறு ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். முதல் பத்து நிமிடம் பெற்றோர் மட்டும், பிள்ளை வெளியே. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: எந்தத் தேதி, எந்தப் பிரிவேளை, என்ன கிடைத்தது. "இவன் சகவாசமே சரியில்ல" என்று ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரம் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கெடுத்தது என்பதிலேயே போய்விடும். பிறகு அவர்களிடம் கேட்க வேண்டும்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, காசு எங்கிருந்து வருகிறது, வீட்டில் மாத்திரை யார் சாப்பிடுகிறார்கள். தாத்தாவின் தூக்க மாத்திரை அட்டை குறைவது பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் கவனத்துக்கு வருகிறது. அதன் பிறகு பிள்ளையை உள்ளே அழைத்து, ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். யார் காலையில் கொண்டுவந்து விடுவது, கையில் எவ்வளவு காசு, டியூஷன் முடிந்து எத்தனை மணிக்குள் வீடு, எந்த ஆசிரியர் வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்வது. அந்தத் தாளில் மன்னிப்புக் கடிதம் வேண்டாம். "இனிமேல் செய்தால் பள்ளி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டால், அடுத்த சறுக்கலை மறைப்பதுதான் பிள்ளையின் முதல் வேலையாகிவிடும்.

அப்பாவின் பழக்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்தச் சந்திப்பு முடியாது. பெட்டிக்கடைக்குப் போய் சிகரெட்டோ ஹான்ஸோ வாங்கிவரப் பிள்ளையை அனுப்புகிற வீடு இன்னும் நிறைய இருக்கிறது. கடைக்காரருக்கு அவன் அறிமுகமாவதே அப்படித்தான். "நீங்க நிறுத்துங்க" என்றால் எழுந்து போய்விடுவார். "அவன கடைக்கு அனுப்பாதீங்க, வீட்டுக்குள்ள வெக்காதீங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்.

நிறுத்திய பிறகு வருகிற நாட்கள்தான் பள்ளிகள் அதிகம் கோட்டைவிடுகிற இடம். புகையிலையை விட்டவனுக்கு முதல் மூன்று நாள் எரிச்சலும் படபடப்பும் உச்சத்தில் இருக்கும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். கஞ்சாவை விட்டவனுக்கு முதல் வாரம் தூக்கமும் பசியும் இராது. அந்த நாட்களில் அவன் வகுப்பில் எதிர்த்துப் பேசுவான். விஷயம் தெரியாத ஆசிரியர் வெளியே நிறுத்துவார், நின்ற இடத்தில் பழைய கூட்டாளி வருவான். ஆகவே பாடம் எடுக்கிற எல்லாருக்கும் "உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற அளவிலாவது சொல்லி வைக்க வேண்டும். தூக்க மாத்திரை மட்டும் வேறு கதை. தினமும் போட்டவனுக்கு வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலி மாத்திரையை நிறுத்தினால் மூக்கொழுகல், உடம்பு முறிப்பு, வயிற்றுப்போக்கு என்று ஒரு வாரம் வாட்டும். இரண்டுக்கும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாத வீட்டுக்கு மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 என்று இரண்டு எண்களையும் எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

டி.சி. கொடுத்து அனுப்புவதை நாங்கள் எதிர்ப்பதற்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லை. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை பிள்ளையை வெளியேற்ற கல்வி உரிமைச் சட்டமே அனுமதிக்கவில்லை. ஒன்பதிலும் பத்திலும் வெளியேற்றினால் அவன் நாள் முழுக்க விற்பவன் பக்கத்தில்தான் இருப்பான், மாலையில் நம் பிள்ளைகளுக்கே கொண்டுவந்து தருவான்.

கடையைப் பற்றி: 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்குள், விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது. ஆனால் அபராதம் 200 ரூபாய்தான், கடைக்காரர் கட்டிவிட்டு மறுநாள் திறந்துவிடுவார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைப் புகாரில் குறிப்பிட வேண்டும். குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குட்கா 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது என்பதால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல் போக வேண்டும், கடைக்கு சீல் வைப்பது அவர்கள் கையில் இருக்கிறது. புகார் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகப் போனால் வலு அதிகம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைமையாசிரியர் ஒருவராகக் கையெழுத்திட்டால் இரண்டாம் நாள் மிரட்டல் வரும். பிள்ளையின் பெயர் எந்தத் தாளிலும் வரக் கூடாது.

போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று பேரணி, உறுதிமொழி, கருகிப்போன நுரையீரல் படம். இவை நல்ல மனதோடுதான் நடக்கின்றன. ஆனால் பயமுறுத்துகிற பேச்சும், போதையிலிருந்து மீண்டவரை மேடையேற்றிப் பேசவைப்பதும் பழக்கத்தைக் குறைப்பதில்லை என்று ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. "வேணாம்டா" என்று நண்பனிடம் சொல்லிப் பழகும் பயிற்சி, சின்னக் குழுவாக, வாரம் ஒரு பிரிவேளை, பல வாரம் நடந்தால் பலன் உண்டு. அதற்கு மேடை வேண்டாம், அந்தப் பிரிவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாத மனம் வேண்டும்.

ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய மாதம் குடித்து வெறித்தவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். அங்கே பெற்றோர்கள் தனித்தனியாகக் கண்டிப்பாக இருக்கவில்லை, வகுப்பு வகுப்பாகக் கூடி ஒரே நேரக்கட்டுப்பாட்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், இரவில் முறைவைத்துத் தெருவில் நடந்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. நம் ஊரில் ஒரு வகுப்பின் அம்மாக்கள் கூடி, டியூஷன் முடிந்து எட்டு மணிக்குள் எல்லாப் பிள்ளையும் வீட்டில் என்று முடிவெடுத்தால், "அவன் வீட்ல மட்டும் விடறாங்க" என்ற வாதம் எடுபடாது. அதற்கு ஒரு எச்சரிக்கை: இதற்காகத் தொடங்குகிற வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, மே மாத விடுமுறை. வருடம் முழுக்கத் தேறி வந்த பிள்ளைகள் பலர் அந்த ஆறு வாரத்தில்தான் பழையபடி சறுக்குகிறார்கள். பள்ளி இல்லை, கண்காணிப்பு இல்லை, வேலைக்குப் போனால் கையில் கூலிக் காசு. ஏப்ரல் தேர்வு முடிவதற்குள் பெற்றோரை ஒருமுறை மறுபடி வரவழைத்து, விடுமுறையில் பிள்ளை எங்கே இருப்பான், கூலி யார் கையில் வரும், எந்தக் கிழமை எந்த ஆசிரியர் போன் செய்வார் என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஆளுக்கு ஒரு நகல் கொடுத்து அனுப்புகிறோம்.