வாசலுக்கு வெளியே மூன்றடி

தென்சென்னையில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மண்பாண்டமும் பிரம்புச் சாமான்களும் விற்கும் சிறிய கடை ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளும் கார்த்திகைக்கு அகல் விளக்குகளும்தான் என் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல். அந்த இரு மாதங்களில் பொம்மைகளை வாசலுக்கு வெளியே நடைபாதையில் அடுக்கி, மேலே சீரியல் பல்புகளைத் தொங்கவிட்டு, தெருமுனையில் வருபவருக்கே கடை தெரியும்படி செய்வது வழக்கம். 2024 ஆகஸ்ட் கடைசியில் மாநகராட்சியிலிருந்து வந்த ஒரு நோட்டீஸ் அந்த வழக்கத்தை நிறுத்தியது. அதன்பின் ஏறக்குறைய ஆறு மாதம் நான் அலைந்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

நோட்டீசில் இருந்தவை இரண்டே வரிகள். நடைபாதையில் பொருள்களை வைத்துப் பொதுமக்கள் நடமாட்டத்துக்கு இடையூறு செய்வதையும், நடைபாதை மரத்தில் மின்விளக்குச் சரம் சுற்றியிருப்பதையும் ஏழு நாளுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் மாநகராட்சியே அகற்றும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். தொழில் உரிமம் இருக்கிறது, தொழில்வரியைத் தவறாமல் கட்டுகிறேன், எதிர்ச்சாரியில் எல்லோரும் இதையே செய்கிறார்கள் என்ற வழக்கமான வாதங்களுடன் உரிமத்தையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய உரிமத்தில் 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023 ஏப்ரலில் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும் வந்துவிட்டன என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் செய்த முதல் தவறு கேள்வியையே தவறாகக் கேட்டது. "எங்கள் தெரு எந்த ஸோன், இங்கே வெளியே வைத்து விற்கலாமா?" என்று கேட்டேன். எழுத்தர் மண்டல எண்ணைச் சொன்னார். மாநகராட்சி அப்போது 15 மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. அவர் சொன்னது அதில் ஒன்று. நான் கேட்க நினைத்தது சி.எம்.டி.ஏ.வின், அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், நிலப்பயன்பாட்டு வகைப்பாட்டை. 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம் என்பது போன்ற ஒரு வகை தரப்பட்டிருக்கிறது. இவை இரண்டும் போதாதென்று மூன்றாவதாக ஒரு 'ஸோன்' உண்டு. அது தெரு வியாபாரிகள் சட்டம் சொல்லும் விற்பனைப் பகுதி, விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதி என்ற பாகுபாடு. ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் புழங்குவதால், யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் நான் முதல் இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

சர்வே எண்ணைக் கொண்டு பார்த்ததில் எங்கள் மனை கலப்புக் குடியிருப்பு வகையில் இருந்தது. அதில் கடை வைக்கத் தடையில்லை. அந்தத் தாளை வெற்றிப் பத்திரம்போல எடுத்துக்கொண்டு போய் உதவிப் பொறியாளரிடம் காட்டினேன். அவர் பொறுமையான மனிதர். "இது உங்க மனைக்குள்ள என்ன செய்யலாம்னு சொல்லுதும்மா; மனைக்கு வெளியில இருக்கறதப் பத்தி இது பேசவே இல்ல" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் செருப்பு தேய்ந்திருக்காது. பிறகு அவர், கட்டட அனுமதி வரைபடம், அதாவது பிளான் காப்பி, இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கவில்லை. வாடகைக் கடைக்காரர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும்? கட்டட உரிமையாளர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் முதலில் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது என்றார். பிறகு அது எனக்கு எதற்கு என்றார். பிறகு, நான் கேட்பது கடைக்காகத்தான், அவர்மீது புகார் கொடுக்க அல்ல என்று நம்பியபின், பீரோவில் தேடி ஒரு நகலை அனுப்பினார். மூன்று வாரம் போயிற்று. ஆனால் அந்த ஒரு தாள் வந்தபிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வரைபடத்தில் கடையின் சுவருக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே பத்தடி முன்வெளி விடப்பட்டிருந்தது. அதில் இடப்பக்கம் இரு சக்கர வாகனம் நிறுத்தக் கோடு போட்டுக் காட்டப்பட்டிருந்தது. வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் எங்களுக்கு ஓர் அங்குலமும் இல்லை.

தம்பியை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப் வைத்து அளந்தேன். நான் பதினொரு ஆண்டுகளாக 'என் வாசல்' என்று நினைத்துக் கோலம் போட்டுவந்த டைல்ஸ் படியில் ஒன்றரை அடி நடைபாதையில் இருந்தது. உரிமையாளர் கட்டியது அது. அதற்கு மேல் ஒன்றரை அடிக்கு நான் பொம்மைப் பலகைகளை நீட்டியிருந்தேன். ஆக, மூன்றடி. நடைபாதையின் மொத்த அகலம் ஏழடி. அதில் புங்க மரத்தின் குழி இரண்டடி. எஞ்சிய ஐந்தில் மூன்றை நான் எடுத்துக்கொண்டால் நடப்பவருக்கு மீதி இரண்டடி. நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற மோட்டார் பொருத்தாத போக்குவரத்துக்கென்று மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவருக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறையும் சொல்கிறது. அது ஏறக்குறைய ஆறடி. அதாவது என் சாமான்கள் இல்லாவிட்டாலும் அந்த நடைபாதை போதாது. இதை அளந்த பிறகு என் கோபம் மெல்ல இறங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இறங்கினாலும் விடவில்லை. எங்கள் கடைக்குப் பக்கத்தில், அதே நடைபாதையில், ஒரு பூக்கார அம்மா இருபது ஆண்டுகளாகப் பூக் கட்டி விற்கிறார். அவருக்கு மாநகராட்சி கொடுத்த தெரு வியாபாரி அடையாள அட்டை இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்காது, நானும் விண்ணப்பித்தால் என்ன என்று நினைத்தேன். தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விற்பனைச் சான்றிதழ் பெறுபவர் தானே அல்லது தன் குடும்பத்தினரைக் கொண்டு வியாபாரம் செய்ய வேண்டும், தெரு வியாபாரத்தைத் தவிர வேறு பிழைப்பு இருக்கக் கூடாது, சான்றிதழை வேறொருவருக்கு மாற்றவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று உறுதிமொழி கேட்கிறது அதன் 5ஆம் பிரிவு. நிரந்தரக் கடை உள்ள நான் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறேன். நடைபாதையில் உட்கார்ந்து விற்பவருக்கு அது பிழைப்பு. எனக்கு அது கூடுதல் அலமாரி. சட்டம் இந்த வேறுபாட்டைச் சரியாகவே பிடித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கான நகர விற்பனைக் குழுவில் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பூக்கார அம்மா, "அக்கா, எனக்கு ஏதாச்சும் தொல்ல வருமா?" என்று கேட்டார். வராது, முப்பது நாள் நோட்டீஸ் இல்லாமல் உங்களை எழுப்ப முடியாது என்று 18ஆம் பிரிவைப் பார்த்துச் சொன்னபோது, அவர் எனக்கு ஒரு முழம் பூ கூடுதலாகக் கொடுத்தார்.

ஆனால் அவர் விஷயத்தில் நான் ஒரு பிசகு செய்துவந்தேன். மாலையில் அவர் தலைக்கு மேல் எரியும் ஒற்றை பல்புக்கு என் கடை மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தேன். உதவி என்றே நினைத்திருந்தேன். ஒருவர் பெயரில் உள்ள இணைப்பிலிருந்து இன்னொருவருக்கு மின்சாரம் நீட்டித் தரக் கூடாது என்பதை ஈ.பி. அலுவலகத்தில் விளக்கு பற்றிக் கேட்கப் போனபோது சொன்னார்கள். இப்போது அவரிடம் சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு ஒன்று இருக்கிறது.

விளக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குச் சற்றும் எதிர்பாராத செய்திகள் கிடைத்தன. வெளியே பொருள் வைப்பதற்கு மாநகராட்சியைக் கேட்டால் போதும். வெளியே விளக்கு வைப்பதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. மரம் மாநகராட்சிக்குரியது, மின்சாரம் மின்வாரியத்துக்குரியது, பெயர்ப் பலகையின் எழுத்து தொழிலாளர் துறைக்குரியது. எங்கள் கடை வணிக இணைப்பில் இருக்கிறது. அதே இணைப்பிலிருந்து பத்து நாளைக்கு முகப்பு முழுதும் சீரியல் செட் போட்டால் பில் கூடும், அவ்வளவுதானே என்றிருந்தேன். கட்டடத்துக்கு வெளியேயும் திறந்த வெளியிலும் விளம்பர நோக்கத்தோடு செய்யப்படுவது உட்படக் கூடுதல் விளக்கொளியை ஆடம்பர விளக்கு அலங்காரம் என்று மின் கட்டண ஆணை தனியே வகைப்படுத்துகிறது. அது தற்காலிக இணைப்புக்கான ஆறாம் கட்டணப் பிரிவில் சேர்கிறது. கல்யாண வீட்டுப் பந்தலுக்குத்தான் இந்தச் சொல் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

மரத்திலிருந்து சரத்தை நோட்டீஸ் வந்த மறுநாளே கழற்றிவிட்டேன். கழற்றும்போது பட்டையில் ஒயர் பதிந்து, நாலைந்து ஆணிகள் துருவேறி இருந்ததைப் பார்த்தேன். முகப்பு அலங்காரத்துக்குத் தற்காலிக இணைப்பு வாங்குவதா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று முடிவு செய்தோம். அதற்குப் பதில் எலக்ட்ரீஷியன் சொன்ன யோசனைப்படி எல்லா விளக்குகளையும் கண்ணாடிக்கு உள்பக்கம், பொம்மைகளின்மேல் படும்படி வைத்தோம். வெளியே ஒரு பல்பும் இல்லாமல் கடை முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கண் கூசுவதற்கும் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதே மனிதர் வற்புறுத்தியதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கருவி ஒன்றையும் பொருத்தினோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, முந்தைய ஆண்டுகளில் அதே மரத்தடியில் சரம் எரிந்துகொண்டிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

பெயர்ப் பலகை பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் விதிகளைப் புரட்டிய கையோடு அதையும் சரிசெய்தேன். கடைகள் நிறுவனங்கள் விதிப்படி தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்று 5:3:2 விகிதத்தை வழக்கமாகச் சொல்கிறார்கள். தமிழ்ப் பொம்மை விற்கும் என் கடையில் ஆங்கிலம்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. இந்த வெட்கத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை.

பொருள்கள் விஷயம் இப்படி முடிந்தது. படியை உடைத்து எல்லைக்கோட்டுக்குள் கட்ட வேண்டியிருந்தது. செலவை யார் ஏற்பது என்று உரிமையாளருடன் நடந்த பேச்சை விவரிக்க விரும்பவில்லை, பாதிக்குப் பாதியில் முடிந்தது. முன்வெளியில் வாகன நிறுத்தத்துக்குக் காட்டிய இடத்தைத் தொடாமல், வலப்பக்க வெறுமையில் நாலடி அகலத்துக்குச் சக்கரம் வைத்த படிக்கட்டுப் பலகை ஒன்றைச் செய்துகொண்டேன். இரவில் உள்ளே தள்ளிவிடுவேன். வரைபடத்தின் நகல், அளவுகளுடன் ஒரு கைவரைவு, முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கடிதத்தோடு இணைத்து அலுவலகத்தில் கொடுத்து, என் நகலில் பெற்றதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். எழுத்தில் பதில் வரவில்லை. அகற்ற யாரும் வரவும் இல்லை. அக்டோபர் 3 அன்று நவராத்திரி தொடங்கியது. பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்த பொம்மைகளில் பாதியைத்தான் வெளியே காட்ட முடிந்தது. விற்பனை சற்றுக் குறைந்தது. அதை மறைப்பதற்கில்லை.

ஜனவரியில் இதற்கு ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது. இரவு பத்தரை மணிக்குக் கடையைப் பூட்டும்போது இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்து, மாடியில் கிழக்குப் பார்த்திருக்கும் போகஸ் லைட் மணலிலிருந்து தெரிகிறது, மார்ச் முடியும்வரை இரவில் அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டார்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்கள் அவை. ஒரு குழியில் நூறு முட்டைகள்போல இட்டுவிட்டுப் போகும். நாற்பத்தைந்து ஐம்பது நாளில் இரவில் பொரிந்து வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான அடிவானமே கடல் என்று நினைத்து நடக்கும். தெருவிளக்கும் கடைவிளக்கும் எரிந்தால் அவை ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்கிவருகிறது என்பதைச் செய்தித்தாளில் படித்திருந்தேன். என் கடை விளக்கு அவர்கள் கண்ணில் படும் என்று நினைத்ததில்லை.

அவர்கள் கையில் நோட்டீஸ் எதுவும் இல்லை. அன்றே அணைத்தேன். பிறகு அந்த விளக்கைக் கழற்றி, கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி மறைப்பு வைத்த மஞ்சள் நிற விளக்கைத் தெருப்பக்கமாகப் பொருத்தி, பத்து மணிக்குத் தானே அணையும்படி டைமரும் போட்டேன். மார்ச் மாதம் தொழில் உரிமத்தைப் புதுப்பித்தபோது, கேட்கப்படாவிட்டாலும், கோப்பில் பிளான் காப்பியையும் முத்திரையிட்ட கடிதத்தையும் முதல் தாளாக வைத்துக்கொண்டு போனேன்.