மிதந்து போனவை

கருவில் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். இடையில் இருக்கும் செல்கள் செத்து விலகிய பிறகுதான் விரல்கள் தனித்தனியாகத் தெரியும். இதை வகுப்பில் சொன்னதும் பாதிப் பேர் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள். செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு 1972ல் கெர், வில்லி, கரி என்ற மூவர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல் அது.

பாடம் நடத்துவது சுலபம். ஆய்வகத்தில் நிரூபிப்பதுதான் பெரும்பாடு. புற்றுநோய் செல்லைத் தட்டில் வைத்துக் கொல்வதற்குப் பெரிய அறிவு தேவையில்லை, பிளீச்சிங் தண்ணீரே போதும். அது எப்படிச் செத்தது என்று காட்டுவதில்தான் ஆராய்ச்சி இருக்கிறது. எல்லோரும் முதலில் செய்யும் எம்.டி.டி. சோதனையில் ஊதா நிறம் குறைந்தால் "செல் செத்தது" என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல் சாகாமல், பெருகுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாலும் நிறம் குறையும்.

ஒரு தாவரச் சேர்மத்தை வைத்து என் மாணவர் செய்த வேலையில் எம்.டி.டி. பிரமாதமாக வந்தது. பாதிக்கு மேல் காலி. அடுத்து அனெக்சின் என்ற புரதம். சாகத் தொடங்கிய செல், சவ்வின் உள்பக்கம் இருக்கும் ஒரு கொழுப்பை வெளிப்பக்கம் புரட்டிக் காட்டும். அனெக்சின் போய் அதில் ஒட்டும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மெஷின் எண்ணிச் சொல்லும். எண்ணிப் பார்த்தால் சாகிற செல் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மூன்று வாரம் சோதனைக் கிட்டைச் சந்தேகப்பட்டோம். அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும் என்பதால் பஃபர் கரைசலைப் புதிதாகக் கலந்தோம். மெஷினையும் திட்டினோம்.

ஒரு சாயங்காலம் சும்மா பக்கத்தில் நின்று பார்த்தேன். செல் வளரும் ஊட்டத் திரவமான பழைய மீடியத்தை உறிஞ்சிக் கழிவு பாட்டிலில் விட்டார், பஃபரால் அலசினார், தட்டில் ஒட்டியிருக்கும் செல்லைப் பிரித்தெடுக்க டிரிப்சின் நொதியை ஊற்றினார். எங்கள் செய்முறைத் தாளில் இருந்தபடி, ஒரு பிசகும் இல்லை. செல் வளர்க்க அதுதான் சரியான முறை. ஆனால் சாகிற செல் சுருங்கி, தரையிலிருந்து பிடியை விட்டு, மீடியத்தில் மிதக்கும். நாங்கள் தேடியதெல்லாம் தினமும் கழிவு பாட்டிலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாளை எழுதியவன் நான்தான்.

மறுமுறை மீடியத்தைச் சேர்த்து வைத்துச் சுழற்றி, அடியில் படிந்ததையும் கலந்து ஓட்டியதும் எண்ணிக்கை ஏறியது. சரி, முடிந்தது என்று மாணவர் கட்டுரை எழுத உட்கார்ந்தார். நான்தான் விடவில்லை. அப்போப்டோசிஸை நடத்திவைக்கும் காஸ்பேஸ் நொதிகளைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். எங்கள் சேர்மத்தைக் குறைந்த அளவில் கொடுத்தபோது பெரும்பாலான செல்கள் பிழைத்தன. அதாவது அங்கே நடந்தது அப்போப்டோசிஸ். அதிக அளவில் கொடுத்தபோது எதுவும் பிழைக்கவில்லை. அங்கே எங்கள் சேர்மம் வெறும் விஷம். தலைப்பில் இருந்த வீரமெல்லாம் போய், கட்டுரை பாதியாகச் சுருங்கியது. எனக்கு அதில் வருத்தமில்லை, அவருக்கு இருந்தது.

"இதெல்லாம் மருந்தா எப்ப சார் வரும்?" என்று கேட்டார். பிசிஎல்-2 கதையைச் சொன்னேன். அந்த மரபணு செல்லைப் பெருக வைப்பதில்லை, சாகவிடாமல் தடுக்கிறது என்று டேவிட் வாக்ஸ் குழு காட்டியது 1988ல். அந்தப் புரதத்தை முடக்கும் வெனிடோகிளாக்ஸுக்கு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016ல். அவர் மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டு வருஷமா!" என்றார். அப்போது அவருக்கு வயதே அவ்வளவுதான்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் செல் வேலை சொல்லிக்கொடுக்கிறார். செய்முறைத் தாளில் மூன்றாவது வரியை அடித்துவிட்டு, "மீடியத்தைக் கொட்டாதே" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். ஸ்டாண்டில் ஒரு டியூப் தனியாக நிற்கிறது, மேலே "மிதப்பவை" என்று லேபிள் ஒட்டி.