பத்து வயசு லேப்ரடாருக்கு வீடு தேடி அலைஞ்ச கதை

போன தீபாவளி முடிஞ்ச ரெண்டாம் நாள் காலைல, மேடவாக்கத்துல எங்க தெருமுனை டீக்கடை பெஞ்சுக்கு அடியில ஒரு லேப்ரடார் சுருண்டு படுத்திருந்துச்சு. மூஞ்சி பூரா நரை, காதுக்குள்ள கொத்து கொத்தா உண்ணி, கழுத்தச் சுத்தி முடியே இல்லாம ஒரு வளையம், வருஷக்கணக்கா பெல்ட் போட்ட தடம். வெடிச் சத்தத்துக்கு பயந்து ஓடி வந்திருக்கும், யாராச்சும் தேடி வருவாங்கன்னுதான் நெனச்சோம். ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் போட்டோ போட்டேன், கிளினிக்ல மைக்ரோசிப் (ஓனர் யாருன்னு கண்டுபிடிக்க தோலுக்கு அடியில வைக்கிறது) இருக்கான்னு ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, இல்ல. பத்தாவது நாள்தான் டீக்கடை அண்ணன் தயங்கித் தயங்கி சொன்னாரு, "விடியக்காலைல ஒரு கார் வந்து நின்னுச்சும்மா, எறக்கி விட்டுட்டு போய்ட்டாங்க"ன்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. இப்படி விட்டுட்டு போறது 1960ல வந்த மிருகவதை தடுப்புச் சட்டப்படி குத்தம்தான், ஆனா மொத தடவைக்கு அபராதம் 10 ரூபாலேர்ந்து 50 ரூபா வரைக்கும்தான். ஒரு உயிருக்கு அவ்ளோதான்னா மனசு ஆறவே மாட்டேங்குது.

டாக்டர் பல்ல பாத்துட்டு ஒன்பது பத்து வயசு இருக்கும்னாரு. கண்ணுல நீலமா ஒரு மங்கல் இருந்துச்சு, பார்வை போயிடுச்சோன்னு பயந்தேன், அது வயசானா வர்றதுதான், புரை இல்லன்னு சொன்னாரு. ரத்தத்துல பிளேட்லெட் கொறஞ்சிருந்துச்சு, உண்ணிக் காய்ச்சல், 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. அத வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கும், அதனால சாப்பாட்டுக்கு அப்புறம்தான். இடுப்பு மூட்டு தேஞ்சு போயிருந்துச்சு, படி ஏற முடியாது. வலிக்குதேன்னு நம்ம போடுற வலி மாத்திரைய மட்டும் குடுத்துடாதீங்க, ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷம், வயிறு புண்ணாகி கிட்னியே போயிடும்.

அம்மா 'பெரியவரே'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, அதுவே பேராயிடுச்சு. ஒரு விஷயம்தான் எங்களுக்கு புரியல. தட்டு வச்சா சாப்பிட மாட்டாரு, எதிர்ல உக்காந்து எச்சில் தரையில சொட்ட சொட்ட நம்ம மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு. சாப்பிடு, ஈட், ஓகே, கமான், எல்லாம் சொல்லிப் பாத்தாச்சு, அசையல. நாங்க நகந்து போய் ரொம்ப நேரம் கழிச்சுதான் மெதுவா வாய் வைப்பாரு. நாலாவது நாள் அம்மா தட்ட வச்சுட்டு போன்ல சித்திகிட்ட "ம், ஆகட்டும்"னாங்க, படக்குன்னு குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. யாரோ குட்டியிலேர்ந்து உக்கார வச்சு பொறுமையா சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்படி வளத்த வீட்டுல என்ன நடந்துச்சோ தெரியல.

எங்களது மாடி வீடு, வாடகை, ரெண்டு மாசம்தான் ஹவுஸ் ஓனர் டைம் குடுத்தாரு. மொதல்ல நான் போட்ட போஸ்ட்ல வயச சொல்லாம 'ரொம்ப சாது, நல்ல லேப்'னு மட்டும் எழுதிட்டேன், அது தப்பு. வந்த போன்ல பாதி பேரு குட்டி போட வைக்கலாமான்னு கேட்டாங்க, ஒருத்தர் குடோன்ல காவலுக்கு கட்டிப் போடணும்னாரு. ஒரு ஃபேமிலி கூட்டிட்டு போய் நாலே நாள்ல திருப்பி கொண்டு வந்துட்டாங்க, செகண்ட் ஃப்ளோர், லிஃப்ட் இல்ல, ராத்திரி வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்கு போயிட்டாருன்னு. திரும்பி வந்தவரு ரெண்டு நாள் கதவு பக்கமே படுத்திருந்தாரு.

அதுக்கப்புறம் எல்லாத்தையும் அப்படியே எழுதினேன். பத்து வயசு, நரை தெரியிற போட்டோ, கருத்தடை பண்ணியாச்சு, மூட்டு வலி, மாசம் மருந்துக்கு எவ்ளோ ஆகுது, ராத்திரி ஒரு தடவை வெளிய கூட்டிட்டு போகணும், தரைத்தளமா இருந்தா மட்டும் கூப்பிடுங்கன்னு. மூணு வாரத்துல மூணே போன்தான் வந்துச்சு, ஆனா மூணுமே உருப்படியான போன்.

ஆதம்பாக்கத்துல ஒரு ரிட்டயர்ட் தம்பதி. அவங்க பொமரேனியன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. நேர்ல போய் பாத்தேன், கேட் ஒழுங்கா மூடுது, தரை வழுக்குதேன்னு அங்கிள் முன்னாடியே கோணிப்பாய் விரிச்சு வச்சிருந்தாரு. ஏன் வயசான நாய் அங்கிள்னு கேட்டதுக்கு, "இனிமே குட்டிய கொண்டாந்தா எங்களுக்கு அப்புறம் அத யாரும்மா பாப்பா? இவன்னா சேந்தே இருந்துக்கலாம்"னாரு. ஆன்ட்டி குனிய முடியாம ஸ்டூல் போட்டு உக்காந்து காதத் தடவினாங்க, பெரியவரு தலைய அவங்க மடியில சாச்சுட்டாரு.

முடியலன்னா வேற யாருக்கும் குடுக்காம என்கிட்டயே திருப்பித் தரணும்னு எழுதி கையெழுத்து வாங்கினேன், தப்பா எடுத்துக்கவே இல்ல. மாநகராட்சி லைசன்ஸ் எடுக்க ரேபிஸ் தடுப்பூசி சர்டிஃபிகேட் வேணும், அதையும் மருந்துச் சீட்டையும், அவரு படுத்திருந்த பழைய பெட்ஷீட்ட தொவைக்காம அப்படியே குடுத்தேன், பழகின வாசனை இருக்கணும்ல. மொத மூணு நாள் சரியா சாப்பிடாம இருக்கலாம், பயந்துடாதீங்க, நல்லா ஒட்டிக்க மூணு மாசம் கூட ஆகும்னு சொன்னேன். தட்டு வச்சுட்டு என்ன சொல்லணும்னும் சொன்னேன்.

மொத ரெண்டு நாள் தண்ணி மட்டும்தான் குடிச்சாராம். மூணாவது நாள் ராத்திரி ஆன்ட்டிகிட்டேர்ந்து ஒரு வீடியோ வந்துச்சு. எவர்சில்வர் தட்டுல சாதம், எதிர்ல பெரியவரு உக்காந்து அங்கிள் மூஞ்சியவே பாக்குறாரு. அங்கிள் தொண்டைய செருமிட்டு "ஆகட்டும்டா"ங்கிறாரு. தட்டு தரையில நகர்ற சத்தம் கேக்குது.